செவ்வாயும் வியாழனும் ஆடாத வீடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தம்பி, இஸ்திரி மாமா, பிழியும் மெஷின், நான் என்று எல்லோரும் நலம். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தின் முதல் பக்கம் முடியும் வரைக்குமாவது. தினமும் போனில் பேசுகிற அப்பாவுக்கு எதற்குத் திடீரென்று கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொல்லத்தான் நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் நீ “வேற என்னப்பா” என்று கேட்டாய், நான் “வேற ஒண்ணுமில்லம்மா, நேரத்துக்குச் சாப்பிடு” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நாலு ஒண்ணுமில்லைக்கும் சேர்த்துத்தான் இது. எழுதித் தபாலில் போட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நாள்காட்டியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். தபால் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும், நீ ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியது இருபத்து நாலாம் தேதி, அதற்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. உன் அம்மாவுக்குக் கணக்கு நன்றாக வரும். அதனால் நான் எழுத எழுதத் தம்பி ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவான், அசல் பின்னால் வரும் என்று ஏற்பாடு. ஆகவே சுற்றி வளைக்க எனக்கு இடமில்லை. நேராகச் சொல்கிறேன். உன் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தை, நம் வீட்டில் எடுத்த அளவுகள் இருக்கிற அத்தியாயத்தை, இப்போது கொடுக்காதே. அந்த அளவுகள் தப்பு. பெட்டியின் மேல் குற்றமில்லை, உன் மேலும் இல்லை. எல்லாம் எங்கள் கைங்கரியம். உட்கார்ந்து படி, முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

முதலில் வீட்டுச் செய்தி கொஞ்சம் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இது கடிதமாக இருக்காது, வாக்குமூலமாகிவிடும். தம்பி போன வாரம் டெலிவரி வண்டியைப் பின்னால் எடுக்கிறேன் என்று ஆஸ்பத்திரி மதிலை முத்தமிட்டுவிட்டு வந்தான். மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டிக்குத்தான் பல் போய்விட்டது. இஸ்திரி மாமாவுக்கு முழங்கால் வலி, டாக்டர் நிற்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார், நின்றுகொண்டே செய்கிற வேலைக்கு நல்ல வைத்தியம்தான். என் அக்கா, உன் அத்தை, ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். நீ என்னதான் படிக்கிறாய் என்று வழக்கம்போலக் கேட்டாள். காற்றிலும் நில அதிர்ச்சியிலும் கட்டடம் ஆடும் இல்லையா, அந்த ஆட்டத்தை அடக்க வழி கண்டுபிடிக்கிறாள் என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன். “அதுக்கு ஆறு வருஷமா? கட்டும்போதே கெட்டியா கட்டிட்டா போச்சு” என்றாள். கெட்டியாகக் கட்டினால் வேறு விதமாக ஆடும் அக்கா, இவளுடையது நேர்க்கோட்டுக் கணக்கில் அடங்காத முறை, நேராகவே போகாது என்று நீ சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தேன். “அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தானே” என்று சொல்லிவிட்டு டீ கேட்டாள். உன்னைப் பற்றி அவளுக்கு ஏகப்பட்ட பெருமை, என்ன பெருமை என்றுதான் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கட்டடத்தை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை, ஆனால் குற்றவாளி முதலிலிருந்து சொல்வதுதான் முறை. கீழே துவைக்கிற இடம், முதல் மாடியில் பிழியும் மெஷினும் இஸ்திரி மேசைகளும், அதற்கு மேல் நாம். ஈரத் துணியை மாடிக்கு ஏற்றிப் பிழிகிற சலவைக்காரன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கீழே இடம் போதவில்லை, எனக்குப் புத்தி போதவில்லை, தூக்கி மேலே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மெஷின் வேகம் எடுக்கும்போதெல்லாம் நடுவில் ஒரு வேகத்தில் வீடே பக்கவாட்டில் ஆடும், பன்னிரண்டு எண்ணுகிற நேரம், பிறகு தானாக அடங்கிவிடும். மேலே கிழிந்த விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருக்கும் அம்மா அந்தப் பன்னிரண்டு எண்ணிக்கைக்கும் ஊசியைத் துணியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்வாள், ஆட்டம் நின்றதும் விட்ட இடத்தில் குத்துவாள். நீ வீட்டுப்பாடம் எழுதும்போது பேனாவைத் தூக்கிக்கொள்வாய். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்ததால்தான் நீ இந்தப் படிப்புக்குப் போனாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆகவே போன வருஷம் நீ விடுமுறைக்கு வந்து, சோதனைக்கு நம் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ சுவரில் அளவுப்பெட்டியை மாட்டினாய், செவ்வாயும் வியாழனும் காலை பத்திலிருந்து பதினொன்று வரைக்கும் அது ஆட்டத்தைப் பதிவு செய்து உனக்கு அனுப்பும் என்றாய். இரண்டு மாதம் சும்மா அளந்தாய். பிறகு கிளம்புகிற அன்று உன் கருவியை மெஷினுக்குப் பின்னால் தரையில் பொருத்தினாய். அதில் மூன்று செங்கல் கனத்துக்கு ஓர் இரும்பு எடை, ஒரு சின்னத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், அதை இரண்டு பக்கமும் மெல்லிய எஃகுக் கம்பி பிடித்திருக்கும். இதற்கா இத்தனை வருஷம் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு அத்தை எட்டிப் பார்த்தாள், அடக்கிவிட்டேன். நீ எங்களை நிற்கவைத்து விளக்கினாய். “இதுல விஷயம் என்னன்னா அப்பா, சின்ன ஆட்டத்தை இது கண்டுக்கவே கண்டுக்காது. ஆட்டம் பெருசாக ஆகத்தான் இதுக்கு ரோஷம் வரும். ரெண்டு மடங்கு இழுத்தா எட்டு மடங்கு முறைக்கும். வீட்டோட ஆட்டத்தை வாங்கிக்கிட்டு, திருப்பிக் குடுக்காம தானே ஆடித் தீர்த்துடும்” என்றாய். உங்கம்மா மாதிரி என்று நான் சொன்னேன், அம்மாவுக்குக் கேட்டுவிட்டது, அது வேறு கதை.

நீ போன பிறகு மூன்று வாரம் கழித்துப் பேசினாயே, அது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. “ஒண்ணுமே மாறலப்பா. கணக்குல வருது, கம்ப்யூட்டர்ல வருது, நம்ம வீட்ல மட்டும் வரல” என்றாய். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். குரலில் ஒன்றுமே இல்லாமல் சொன்னாய், பிழிந்து எடுத்த துணி மாதிரி. அதற்கு முந்தின வருஷம்தான் உன் முதல் கருவி உடைந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியிருந்தாய். விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் மெஷின் முன்னால் நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது, என் வாழ்க்கையில் நல்ல யோசனைகள் இப்படித்தான் வரும், பல் தேய்த்து முடிப்பதற்குள். மெஷின் ஆடுவது எதனால்? நாங்கள் துணியை அள்ளி அள்ளிப் போடுகிறோம், கனமெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறது. பார்த்துப் பார்த்துச் சமமாக அடுக்கினால் அவ்வளவாக ஆடாது. இது ஒன்றும் திருட்டு இல்லையே, நல்ல வேலைக்காரன் செய்ய வேண்டியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் சமையலறைத் தராசைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். தராசை அவளே தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். உன் அன்றைய குரலை அவளும் ஸ்பீக்கரில் கேட்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஏழு மாதம், செவ்வாயும் வியாழனும் ஒன்பது மணிக்கே வேலை ஆரம்பம். அம்மா ஈர விரிப்புகளைக் குவியல் குவியலாக நிறுப்பாள், நான் ஒரு குவியலை இந்தப் பக்கம் வைத்தால் அதே கனத்தை எதிர்ப்பக்கம் இஸ்திரி மாமா வைப்பார். அவருக்கு இரண்டே மாதத்தில் கை பழகிவிட்டது, ஈரத் துண்டை வாங்கிப் பார்த்தே எடை சொல்வார், சொன்னது தப்பினால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஒரு தடவை விடுதியிலிருந்து வந்த சாட்டின் திரை ஒன்று எங்குமே அடங்காமல், கடைசியில் எதிர்ப்பக்கம் என் சட்டையைக் கழற்றி நனைத்துப் போட்டோம். பனியனோடு நிற்கும்போதுதான் நீ வீடியோவில் கூப்பிட்டாய். “என்னப்பா கோலம்” என்றாய், புழுக்கமாக இருக்கிறது என்றேன். அடுக்க ஆரம்பித்த அடுத்த வாரமே நீ சிரித்துக்கொண்டு கூப்பிட்டிருந்தாய், எண்பது சதவீதம் குறைந்திருக்கிறது என்றாய். வீட்டில் உங்களுக்கே வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டாய். ஆடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி என்று நான் சொன்னேன். திங்கள், புதன், வெள்ளி, சனி நாங்கள் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் இருந்தோம், வீடு ஆடிக்கொண்டுதான் இருந்தது. உன் பெட்டிக்கு அந்த நாட்களில் விடுமுறை. எடை அசைகிறதா என்று பார்க்க அதன் மேல் நீ ஒட்டிய இன்னொரு சின்னப் பெட்டி நீராவி பட்டு முதல் மாதமே வாயை மூடிக்கொண்டதே, அது மட்டும் உயிரோடு இருந்திருந்தால் எங்களைக் காட்டிக் கொடுத்திருக்கும். அது செத்துப் போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். போதாக்குறைக்கு உன் பேராசிரியர். முதல் மூன்று வாரம் ஏன் வேலை செய்யவில்லை, பிறகு ஏன் செய்தது என்று அந்த மனிதர் மண்டையை உடைத்துக்கொண்டு, புதுக் கம்பி ஆட்டத்துக்குப் பழக இருபத்தோரு நாள் ஆகிறது என்று இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு கொள்கையே எழுதிவிட்டார் என்று நீ சொன்னாய். அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாராம். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

இப்படியே போயிருக்கும். போன வாரம் நீ ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை அனுப்பினாய். தம்பி சத்தமாகப் படித்தான். என் பெற்றோரின் உதவி இல்லாமல் இந்த முடிவுகள் சாத்தியமாகியிருக்காது என்று எழுதியிருந்தாய். அவன் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான், அவனுக்கு எல்லாம் தெரியும். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்புறம் திரும்பி வந்து நின்றுகொண்டு கேட்டாள், “நாளைக்கு இதை நம்பி ஒரு ஆஸ்பத்திரியில மாட்டுவாங்க. அங்க துணியை நிறுத்து நிறுத்து அடுக்க நீங்க போவீங்களா?” நான் ஏதோ பூசி மெழுகப் பார்த்தேன், அதெல்லாம் பெரிய பெரிய ஆட்கள் சரிபார்ப்பார்கள் என்றேன். “அவ சரிபார்த்தா. நாமதான் அவளை ஏமாத்துனோம்” என்றாள். நீங்க என்றது போய் நாம என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள், அதுதான் எனக்கு உறைத்தது. நீ ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் படத்தைப் பார்த்து வரைந்ததற்காக உன்னை டீச்சரிடம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒப்புக்கொள்ள வைத்தேனே, நீ வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாயே, அதுவும் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக ஆள் வேண்டியிருந்தது.

இதோடு முடிந்ததென்று நினைத்தேன், முடியவில்லை. என்னவென்று ஒப்புக்கொள்வது, எதைக் கெடுத்தோம் என்று தெரிய வேண்டாமா என்று சொல்லி, அம்மா தம்பியை உட்காரவைத்து ஐந்தாம் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லச் சொன்னாள். அவனும் தட்டுத் தடுமாறிச் சொன்னான். நீ பொருத்திய அன்று எடுத்த படம் அதில் இருந்தது. படத்துக்குக் கீழே, கம்பியை இழுத்துக் கட்டக் கூடாது, விறைப்பே இல்லாமல் நேராக நின்றால் போதும், இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது, விறைத்துவிட்டால் சாதாரண ஸ்பிரிங் மாதிரி ஆகி ஒரே ஒரு வேகத்துக்குத்தான் பதில் சொல்லும் என்று எழுதியிருந்தாய். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். மகளே, நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாள் காலை நான் அந்தக் கருவியைப் போய்ப் பார்த்தேன். கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தேன், தொளதொளவென்று இருந்தது. பாவம், அவசரத்தில் பிள்ளை சரியாக முடுக்காமல் போய்விட்டாள் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷமாக மெஷின்களோடு குடும்பம் நடத்துகிறவன், தொளதொளவென்று ஒரு கம்பியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியுமா? ஸ்பேனர் எடுத்து இரண்டு பக்கமும் நறுக்கென்று இறுக்கினேன், சுண்டினால் கிண்ணென்று சத்தம் வரும்படி. தொடாதீர்கள் என்று நீ பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாய். அது இஸ்திரி மாமாவுக்கும் தம்பிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆக, உன் கருவி முதல் மூன்று வாரம் வேலை செய்யாததற்குக் காரணம் நான். அது வேலை செய்யவில்லை என்று நீ உடைந்து போனதற்குக் காரணம் நான். அதைப் பார்க்கச் சகிக்காமல் துணியை அடுக்கி ஏழு மாதம் உன்னை ஏமாற்றியதும் நான். ஆட்டத்தையே குறைத்துவிட்டதால், இறுக்காமல் விட்டிருந்தால்கூட அந்த எடை அசைந்திருக்காது, சின்ன ஆட்டத்தை அது கண்டுகொள்ளாது என்று நீதான் அன்றே சொன்னாயே. இத்தனையும் உன் மேல் உள்ள பிரியத்தால் செய்தது. எதிரியாக இருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டான்.

உடனே ஸ்பேனரோடு கிளம்பினேன், தளர்த்திவிட்டுத் துணியையும் பழையபடி போட்டுவிடலாம் என்று. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். கறைக்கு ரெண்டு மருந்தைச் சேர்த்து ஊத்துனா எது போக்குச்சுன்னு தெரியாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க” என்றாள். நான் சொன்னதுதான். எனக்கே அது திரும்பி வரும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன். ஆகவே இந்தச் செவ்வாய், கம்பி இறுக்கமாகவே இருக்க, துணியை மட்டும் வழக்கம்போல அள்ளிப் போட்டோம். வீடு பழையபடி பன்னிரண்டு எண்ணிக்கை ஆடியது, எடை வீட்டோடு சேர்ந்து சும்மா நின்றது. சாயங்காலம் உன் கம்ப்யூட்டரில் ஆட்டக் கோடு எகிறியதைப் பார்த்துவிட்டு நீ பதறிக்கொண்டு கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. அம்மா எடுத்து, அப்பா சொல்வார், அதுவரைக்கும் எதையும் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொன்னாள். நேற்று உன் படத்தைத் தம்பி போனில் பெரிதாக்கிக் காட்ட, இஸ்திரி மாமா முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து டார்ச் பிடிக்க, நான் கால் திருகு, அரைத் திருகு என்று கம்பியைத் தளர்த்தினேன். படத்தில் இருப்பது போல ஆகிவிட்டது, போதும் என்று அம்மா சொன்ன இடத்தில் நிறுத்தினேன். இன்னும் அரைத் திருகு என்று என் கை துடித்ததை மறைக்கவில்லை.

இன்று வியாழன். துணி போடுகிற வேலையைத் தம்பியிடம் கொடுத்தோம், அவனைவிட மோசமாகப் போடுகிறவர் நம் தொழிலிலேயே கிடையாது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன், பார்த்தால் கை போய்விடும் என்று. தராசு மேலே சமையலறையில் இருந்தது, அம்மாவும் மேலே தையலில் இருந்தாள். பத்து மணிக்கு மெஷின் கிளம்பியது. வேகம் ஏற ஏறத் தரை லேசாக அசையத் தொடங்கியது. அப்புறம் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் உன் இரும்பு எடை தண்டவாளத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழு மாதமாக உட்கார்ந்தே இருந்த அதுவா இது என்று இஸ்திரி மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அது ஆட ஆட, தரை அடங்கிவிட்டது. மேசை மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் ஒரு சுற்று நடுங்கி நின்றது. கொஞ்ச நேரத்தில் அம்மா படியிறங்கி வந்தாள், ஒரு கையில் விரிப்பு, இன்னொரு கையில் ஊசியை அப்படியே மேலே தூக்கிப் பிடித்தபடி. “ஏன் மெஷினை நிறுத்திட்டீங்க?” என்று கேட்டாள். “நிக்கலக்கா, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார் இஸ்திரி மாமா. அவள் மெஷினைப் பார்த்தாள், எடையைப் பார்த்தாள், கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். பன்னிரண்டு எண்ணி முடித்துவிட்டாளாம், அதற்கு மேலும் எண்ணினாளாம், ஆட்டம் வரவே இல்லையாம். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், எழுதுவதற்கு வெட்கம்தான், ஆனாலும் இன்றைக்கு எதையும் மறைப்பதில்லை என்று முடிவு. இது ஒரே ஒரு நாள், ஒரு நாளை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் யாருக்குப் பட்டம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆகவே கண்ணு, நீ செய்தது சரி. நாங்கள் உதவி செய்வதை நிறுத்தியவுடன் அது வேலை செய்கிறது. ஆனால் அதை நிரூபிக்க இன்னும் பல செவ்வாயும் வியாழனும் வேண்டும், இருபத்து நாலாம் தேதிக்குள் ஆகாது, இன்னும் ஒரு தடவை தள்ளிப் போட வேண்டியிருக்கும். ஏற்கனவே ஒரு தடவை தள்ளிப் போட்டவளுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும். கோபப்படு. இரண்டு நாள் பேசாமல் இரு, உனக்கு அந்த உரிமை உண்டு. மூன்றாம் நாள் பேசு, இல்லையென்றால் அம்மா என்னைப் பார்க்கிற பார்வையில் நான் வெளுத்துவிடுவேன். பேராசிரியரிடம் என் பெயரைச் சொல்லியே சொல், அவருடைய இருபத்திரண்டு பக்கத்துக்கும் நான் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொல். தம்பி வாரா வாரம் துணி போடுகிற படத்தை உனக்கு அனுப்புவான், எங்கள் வார்த்தையை நம்பாதே, படத்தை நம்பு. சூடாக ஏதாவது சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. கடைசியாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. நன்றிப் பக்கத்திலிருந்து எங்களை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக ஐந்தாம் அத்தியாயத்தில், பிழைகளைச் சொல்கிற இடத்தில் எங்களைப் போடு. முதல் ஏழரை மாதத்து அளவுகள் செல்லாது, காரணம் என் அப்பா கம்பியை இறுக்கினார், என் அம்மா துணியை நிறுத்தார் என்று ஒளிவு மறைவு இல்லாமல் எழுது. அது அச்சில் வந்தால் சட்டம் போட்டுக் கடையில் மாட்டுவேன்.

நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும், எங்கள் அன்பிலிருந்து உனக்கு இனி எந்தச் சேதமும் வராமல் இருக்கட்டும். அந்தச் செத்துப் போன சின்னப் பெட்டிக்குப் பதில் புதிதாக ஒன்று அனுப்பிவை, இந்தத் தடவை நீராவி படாமல் நானே மூடி போட்டு, இல்லை, நீயே மூடி போட்டு அனுப்பு.

இப்படிக்கு
பிரியமுள்ள,
தொடாதீர்கள் என்று எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்தும் தொட்ட,
உன் அப்பா

அம்மா எழுதுவது: மேலே எழுதியது எல்லாம் உண்மை, படித்துப் பார்த்துவிட்டேன். ஸ்பேனரை வாங்கி என் தையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். தராசையும்தான்.